சிங்கப்பூர்ல பார்த்த ஜேட் வைன் திருவையாறுல பூக்குமா?

திருவையாறுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் போனப்ப ஒரு தோட்டத்துல மயில்கழுத்து கலர்ல கொத்துக் கொத்தா தொங்குற ஜேட் வைன் பூவைப் பார்த்தாங்களாம், அடுத்த தடவை ஒரு குச்சி ஒடிச்சுட்டு வரலாமா, இல்ல ஆன்லைன்ல விதை வாங்கலாமான்னு.

ரெண்டும் வேண்டாம்மா. குச்சிக்கு இங்க இம்போர்ட் பெர்மிட், அங்க பூச்சி, நோய் இல்லைன்னு ஒரு சர்டிபிகேட், ரெண்டும் வேணும்னு 2003லயே ஆர்டர் இருக்கு. ஒரு குச்சிக்கு இத்தனை பேப்பரான்னு எனக்கே எரிச்சல்தான், ஒழுங்கா கேக்குறவங்களைத்தான் அலைய விடுறாங்க. அதுக்காக சேலை மடிப்புல சுருட்டிட்டு வந்து திருச்சி ஏர்போர்ட்ல மாட்டிக்காதீங்க. குச்சியோட பூச்சியும் வந்துடும்; இப்ப நம்ம தென்னையில இருக்கே சுருள் வெள்ளை ஈ, அதுவே வெளிநாட்டுல இருந்து வந்ததுதான், 2016ல பொள்ளாச்சியில முதல்ல கண்டுபிடிச்சாங்க.

விதை விக்கிறவங்களை நினைச்சாத்தான் வயிறு எரியுது. இது பிலிப்பைன்ஸ் காட்டுக் கொடி, வவ்வால் தலைகீழா தொங்கி தேன் குடிக்கிறப்பதான் மகரந்தம் சேரும். லண்டன் க்யூ தோட்டத்துலயே 1995ல கையால மகரந்தம் வச்சுத்தான் காய் பிடிக்க வச்சாங்க, அப்புறம் எப்படி இவங்ககிட்ட மட்டும் பாக்கெட் பாக்கெட்டா விதை வரும்? என்கிட்ட ஒருத்தர் அப்படி வாங்குன விதையைக் காட்டுனாரு, உளுந்தை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நெஜ ஜேட் வைன் காயே உள்ளங்கை நீளம் இருக்கும், உள்ள விதையும் அதுக்கேத்த மாதிரி பெருசு. அவரு நட்ட விதை மூணு மாசத்துல பூத்துச்சு, வேலியில சும்மா கிடக்குற சங்குப்பூ!

கேரளாவுல மண்ணுத்தி பக்கம் நர்சரியில பதியன் கன்று கேளுங்க. தெருவுல வண்டியில கொண்டு வர்றவங்ககிட்ட வேண்டாம், நேத்து ஒடிச்ச குச்சியை பையில குத்திட்டு வேர் பிடிச்சாச்சுன்னு சொல்வாங்க. எங்க வாங்குனாலும் பையோட அடி ஓட்டையில வேர் எட்டிப் பாக்குதான்னு பாத்துட்டு காசு குடுங்க.

நம்ம களிமண்ணுல குழியில வச்சா ஐப்பசி மழைக்கு அழுகிடும். ஒன்றரை அடி மேடு கட்டி, ஆத்து மணல், மக்குன எரு கலந்து வைங்க. அடியில நிழல், மேல வெயில். பூ வர ரெண்டு மூணு வருஷம் ஆகும்.

ஒண்ணு மட்டும், உங்க ஊருக்கு இது பொருந்தாது, ஆனா வேதாரண்யம், நாகை பக்கம் இருக்கிறவங்களும் இதைப் படிப்பீங்க. உப்பு போர் தண்ணி ஊத்துனா இலை ஓரம் கருகிடும், உரம் பத்தலன்னு நினைச்சு இன்னும் உரம் போடுவீங்க, அதுவும் உப்புதான், இன்னும் கருகும். மழைத்தண்ணி தொட்டி இருந்தா வைங்க, இல்லன்னா விட்டுடுங்க.

பந்தல் மட்டும் பாகக்காய்க்குப் போடுற மாதிரி மூங்கில்ல போட்றாதீங்கம்மா, முத்துன கொடி கனம் தாங்காது, இரும்பு பைப்பே போட்டுடுங்க.