சான்டாவின் சிவப்பு உடை கோகோ கோலா கொடுத்ததா?

இல்லை, சான்டாவுக்குச் சிவப்பு உடை கொடுத்ததே கோகோ கோலாதான் என்று உங்கள் கட்டுரையில் இருக்கும் வரியை எடுத்துவிடுங்கள். கோகோ கோலாவுக்காக ஓவியர் ஹாடன் சன்ட்ப்ளோம் சான்டாவை வரையத் தொடங்கியது 1931-இல். அதற்கு முன்பே சிவப்பு உடை, வெள்ளைத் தாடியோடு சான்டா அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டார்.

தேடும் இடமெல்லாம் சிவப்பு உடை 1931-இல்தான் வந்தது என்றே இருக்கிறது என்கிறீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. சன்ட்ப்ளோம் 1964 வரை அந்த விளம்பரங்களை வரைந்தார், அவை உலகம் முழுக்கப் போயின, அதனால் எல்லோர் மனதிலும் அந்த முகமே நின்றுவிட்டது, அப்புறம் 'கண்டுபிடித்ததே அவர்கள்தான்' என்று யாரோ கிளப்பிவிட்டிருப்பார்கள் (விளம்பரத்துக்கு இதைவிட நல்ல வதந்தி கிடைக்குமா என்ன!).

நீங்களே பார்க்கலாம்: 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் 1902 டிசம்பர் அட்டையைத் தேடுங்கள். சிவப்பு உடை சான்டா இருப்பார்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் தாமஸ் நாஸ்ட் 1881-இல் வரைந்த புகழ்பெற்ற சான்டாவை மட்டும் நிறத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் அது கறுப்பு வெள்ளையில்தான் அச்சானது, இணையத்தில் சுற்றும் வண்ணப் பிரதிகள் பிறகு நிறம் தீட்டப்பட்டவை. அதோடு, அந்தக் காலத்தில் பச்சை, பழுப்பு உடை சான்டாக்களும் உண்டு. கோகோ கோலா சிவப்பைப் பரப்பியது என்று எழுதினால் சரி.