சின்ன ரயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புல்லட் ரயிலைப் பற்றி முன்பு ஒருமுறை ‘பணக்கார வீட்டுக் கல்யாணம்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் ஊர் காவேரிப்பட்டணம், வேலை பெங்களூரில். வாராவாரம் ஊருக்கு வந்து போகிறேன். 2026 பட்ஜெட்டில் சொன்ன ஏழு அதிவேக ரயில் தடங்களில் சென்னை–பெங்களூரும் ஒன்று. ஆனால் சித்தூர் பக்கமாகப் போகும் என்கிறார்கள். அதைக் கிருஷ்ணகிரி வழியாகக் கொண்டுவரச் சொல்லி நாம் போராட வேண்டாமா? தமிழக அரசு யோசிக்கும் மண்டல விரைவு ரயிலும் கோவையிலிருந்து புறப்பட்டு சேலத்தோடு நின்றுவிடுகிறது. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது, யார் முடிவு செய்கிறார்கள் என்று எளிமையாக எழுதுங்களேன்.

இன்னொன்று, தவறாக நினைக்காதீர்கள். நம் ஆட்களுக்கு ரயிலில் போகும் பழக்கமே கிடையாது. எல்லாம் பஸ்தான். கூட்டமே இல்லாத இடத்துக்கு ரயில்வே ஏன் வர வேண்டும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஊரில் இருந்தேன். மொரப்பூர்–தர்மபுரி பாதைக்காக எங்கள் சித்தப்பா காட்டில் ஒரு சர்வே கல் நட்டிருக்கிறார்கள். அவர் அதில் ஆட்டைக் கட்டிப் போட்டிருந்தார். கயிறு உரசி உரசிக் கல்லின் இடுப்பில் பெயின்ட் வளையமாகத் தேய்ந்துபோயிருந்தது. “ரயில் வர்றப்ப வரட்டும்டா, அதுவரைக்கும் ஆடு மேயட்டும்” என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் உங்கள் கடிதத்தைப் படித்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன். இல்லையென்றால் இதுவும் மற்றக் கடிதங்களோடு கிடந்திருக்கும்.

கல்யாணம் என்று எழுதியது நினைவிருக்கிறது. கல்யாணமே கூடாது என்று எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பந்தலைப் பார்த்துவிட்டு நம் வாசலில் கோலம் போடாதீர்கள் என்றுதான் எழுதினேன். அதை வைத்து என்னை வளர்ச்சிக்கு எதிரி ஆக்கவேண்டாம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில் 508 கிலோமீட்டர். தொடக்க மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். அதில் 81 சதவீதம் ஜப்பான் கொடுக்கும் கடன். வட்டி 0.1 சதவீதம், திருப்பிக் கட்ட 50 ஆண்டு, முதல் 15 ஆண்டு அசல் கேட்கமாட்டார்கள். கட்டும் நிறுவனத்தின் பங்கு மூலதனத்தில் பாதி மத்திய அரசுடையது, குஜராத்தும் மகாராஷ்டிரமும் கால் கால் பங்கு. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் யென்னில். ரூபாய் இறங்கினால் அந்த 0.1 என்ன ஆகும் என்பதை, சம்பளத்தில் பாதியை வீட்டுக்கடனுக்குக் கட்டும் நீங்கள் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

டெல்லி–மீரட் மண்டல ரயில் 82 கிலோமீட்டர், 30,274 கோடி. மத்திய அரசு, மாநில அரசுகள், ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடன், எல்லாம் சேர்ந்த பணம். வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 370 கோடி. சுரங்கமும் மேம்பாலமுமாகப் போவதால் அந்த விலை. இப்போது நம் ஊருக்கு வாருங்கள். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 36 கிலோமீட்டர் புதுப் பாதை. மதிப்பீடு சுமார் 359 கோடி. கிலோமீட்டருக்கு இல்லை, முழுப் பாதைக்கும் அவ்வளவுதான். மீரட்டில் ஒரு கிலோமீட்டர் போடும் காசு. எல்லாம் பழைய மதிப்பீடு, கூடியிருக்கும் என்பீர்கள். கூடட்டும், அங்கேயும்தான் கூடியிருக்கும்.

இந்த 359 கோடிக்கு எந்த ஜப்பான்காரனும் கடன் தரமாட்டான். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு பணம் என்று டெல்லியில் ரயில்வே அமைச்சகம் வருடா வருடம் பிங்க் புக் என்று ஒன்று போடுகிறதே, அதில் ஒரு வரியில்தான் இந்த மாதிரிப் பாதைகளின் உயிர் இருக்கிறது. தமிழ்நாட்டின் புதுப் பாதைகள் பலவற்றுக்கு ஒரு வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்கிய பட்ஜெட்டெல்லாம் பார்த்திருக்கிறோம். அச்சுப்பிழை இல்லை, ஆயிரம்தான். திட்டத்தின் பெயர் புத்தகத்திலிருந்து அடிபட்டுப் போகாமல் இருக்கக் கட்டும் வாடகை அது. ஆயிரம் ரூபாய்க்கு நாலு பேர் பிரியாணி சாப்பிட்டு வரலாம். அப்புறம் நிலத்துக்கான செலவில் மாநிலம் எவ்வளவு, ரயில்வே எவ்வளவு என்று இழுபறி. தாசில்தார் ஆபீஸ், வட்டாட்சியர் மாற்றம், மறுபடி அளவு. மொரப்பூர்–தர்மபுரிக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஆடு மேய்ந்துகொண்டிருக்கிறது.

சேலத்தோடு நின்றுபோகும் அந்த மண்டல ரயில் 2025 பட்ஜெட்டில் மாநில அரசு சொன்னது. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், 185 கிலோமீட்டர். சொல்லியிருப்பது சாத்தியக்கூறு ஆய்வுதான். ஆய்வுக்கே இவ்வளவு பொறாமைப்பட்டால் எப்படி? ஓசூர்–பொம்மசந்திரா மெட்ரோ கதையும் அதேதான். அதைப் பற்றிக் கேட்காமல் விட்டீர்கள், நல்லது.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அந்த வரி இல்லாவிட்டால் இரண்டு வரியில் பதில் போட்டு முடித்திருப்பேன்.

‘நம் ஆட்களுக்கு ரயிலில் போகும் பழக்கம் கிடையாது.’ இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் உங்களுக்கு? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறீர்களா? ஏசி பஸ்ஸை ஆப்பில் புக் செய்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் வந்து ஏறுவதைச் சொல்லவில்லை. நிற்பதைச் சொல்கிறேன். “ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா” என்று கண்டக்டர் ஒரே மூச்சில் கத்துவார். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். சென்டரிங் வேலைக்குப் போகிறவர்கள் மேஸ்திரியோடு எட்டுப் பேர் பத்துப் பேராக நிற்பார்கள். கரணையும் தூக்குக்குண்டும் பழைய பெயின்ட் பக்கெட்டில் இருக்கும். அந்த பக்கெட்டையே கவிழ்த்துப் போட்டு நடுப்பாதையில் உட்கார்ந்து பெங்களூர் வரைக்கும் போவார்கள். மடியில் குழந்தையும் காலடியில் கேழ்வரகு மாவு மூட்டையுமாக ஒரு பெண் இருப்பாள். திங்கட்கிழமை காலை ஏதோ ஒரு அபார்ட்மென்ட்டில் பாத்திரம் துலக்கவேண்டும் அவளுக்கு. இவர்களுக்குப் பழக்கம் இல்லையாம். இருக்கிற தொழிலாளியைச் சோம்பேறி என்று சொல்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கோபப்படுகிறேன் என்று நினைக்கவேண்டாம். கோபம்தான். ஆனால் உங்கள் மேல் மட்டும் இல்லை. நீங்கள் சொன்னதைத்தான் ஆய்வு அறிக்கைகளும் வேறு மொழியில் சொல்லிவந்திருக்கின்றன. புதுப் பாதை போட்டால் முதலுக்கு 14 சதவீதம் வரவு இருக்கவேண்டும் என்பது நெடுநாள் ரயில்வேயின் அளவுகோலாக இருந்தது. அதற்குக் கீழே வந்தால் ‘லாபகரமானது அல்ல’. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை போடுவதற்குச் சர்வே எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மாவட்டத் தலைநகரத்தில் இன்றைக்கும் ஒரு ரயில் நிலையம் இல்லை. பக்கெட்டில் உட்கார்ந்து போகிறவன் இழந்த தூக்கத்தை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பது? தொப்பூர் கணவாயில் லாரிக்கு அடியில் போன குடும்பங்களை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா? ராயக்கோட்டை மண்டியில் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் வருடங்களில் விவசாயி கட்டிய வேன் வாடகை எந்தக் கணக்கில் வரும்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உங்கள் கிருஷ்ணகிரிக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது, தெரியுமா? 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் குறுகிய பாதை போட்டார்கள். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடி அகலம், அவ்வளவுதான். 1913-இல் தர்மபுரியிலிருந்து ஓசூர் வரைக்கும் நீட்டினார்கள். அப்போது எல்லாமே சேலம் ஜில்லா. லாபம் வரும் என்று போட்ட பாதைகள் இல்லை அவை. தாது வருஷப் பஞ்சத்தில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்த பிறகு, 1880-இல் பஞ்சக் கமிஷன் ஒரு விஷயம் சொன்னது: பணம் சம்பாதிக்கும் பாதை ஒரு வகை, பஞ்சத்தில் தானியம் கொண்டுபோய்ச் சேர்க்கும் காப்புப் பாதை வேறு வகை, இரண்டாவதை லாபக் கணக்குப் பார்க்காமல் போடவேண்டும். அந்த வகையில் வந்தவைதான் நம் சின்ன ரயில்கள். வெள்ளைக்காரனைப் புகழ்கிறேன் என்று நாளைக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள். அதே தாது வருஷத்தில் ரயில் இருந்த ஊரிலிருந்து தானியத்தை ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பியவனும் அவன்தான். நான் சொல்வது, இந்த மண்ணுக்கு ரயில் வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரு முறை வேறு கணக்கில் விடை சொல்லியிருக்கிறார்கள் என்பது. இன்றைக்கு நம் கையில் இருப்பது லாபக் கணக்கு மட்டும்.

எங்கள் ஆயா அந்த ரயிலில் ஒரே ஒரு முறை போயிருக்கிறாள். மொரப்பூரில் பெரிய ரயிலைப் பார்ப்பதற்காகச் சின்ன ரயிலில் அவளுடைய அப்பா கூட்டிப்போனாராம். ஏற்றத்தில் பையன்கள் இறங்கிக் கூடவே ஓடுவார்களாம். புளியம்பழம் பொறுக்கிக்கொண்டு மறுபடி ஏறிக்கொள்வார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் புளியம்பழத்தின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். கடைசி நாளைப் பற்றி மட்டும் எப்போதும் ஒரே மாதிரி சொல்வாள். 1941, உலகப் போர் சமயம். அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. ரயில் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். பின்னால் இருந்த தண்டவாளத்தைக் கழற்றி அதே ரயிலில் ஏற்றினார்கள். ரயில் கொஞ்ச தூரம் நகர்ந்தது. மறுபடி கழற்றினார்கள், ஏற்றினார்கள். “படுத்து எந்திரிச்சு பாயச் சுருட்டுற மாதிரி சுருட்டிக்கிட்டே போச்சுடா” என்பாள். சாயங்காலம் பார்த்தால் ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. கருங்கல் ஜல்லி மட்டும் கிடந்தது.

தண்டவாளம் கிடந்த அந்த மேட்டுக்கு எங்கள் வீட்டில் ரயில்மேடு என்றே பெயர். கொள்ளுச் செடியைத் தவிர எதுவும் அங்கே வராது. சின்ன வயதில் கொள்ளு பிடுங்கப் போனால் ஜல்லி கையைக் கிழிக்கும். சர்வே கல் அதிலிருந்து எட்டடி தள்ளி இருக்கிறது. எண்பது வருடம் கழித்து அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறார்கள். நடுவில் எத்தனை இன்ஜினியர்கள் எத்தனை அறிக்கைகள் எழுதியிருப்பார்கள். ஆயாவைக் கேட்டிருந்தால் விரலால் காட்டியிருப்பாள்.

தர்மபுரிக்கு இப்போது ரயிலே இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. சேலம்–பெங்களூர் பாதை, முன்பு மீட்டர் கேஜ், பிறகு அகலப் பாதை ஆனது. கோவை–பெங்களூர் வந்தே பாரத்தும் தர்மபுரியில் நிற்கிறது. பக்கெட்காரர் அதில் ஏறமாட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பாதை பெங்களூர் கோட்டத்தில், தென்மேற்கு ரயில்வேயில் இருக்கிறது. கொஞ்சம் தள்ளியிருக்கும் மொரப்பூர் சேலம் கோட்டம், தெற்கு ரயில்வே. தர்மபுரியில் கூட்டம் அதிகம் என்று மனு கொடுக்க ஹூப்ளிக்குப் போகவேண்டும், மொரப்பூரில் ஒரு ரயில் நிற்கவேண்டுமென்றால் சென்னைக்குப் போகவேண்டும். ஒரே மாவட்டத்துக்கு இரண்டு மாமியார்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குச் சென்னையில் ஒரு இன்டர்வியூ. அப்பாவும் நானும் ராத்திரி பஸ்ஸில் மொரப்பூருக்குப் புறப்பட்டோம். வழியில் டயர் போயிற்று. ஸ்டெப்னி இல்லை. இன்னொரு பஸ் பிடித்து, இறங்கி, ஓடி, பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது ரயிலின் கடைசிப் பெட்டி விளக்கு தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து களி மூட்டையைப் பிரித்தார். இரண்டு பேரும் சாப்பிட்டோம். அந்த வேலை கிடைத்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன் என்று என் மனைவி சொல்வாள், அதை நல்லது என்கிறாளா கெட்டது என்கிறாளா என்று இதுவரை விளங்கவில்லை.

எதற்கு ஆரம்பித்தேன்? ஆமாம், புல்லட் ரயில். கிருஷ்ணகிரி வழியாக வருமா என்று கேட்டீர்கள். வராது. முன்பு போட்ட 435 கிலோமீட்டர் சென்னை–மைசூர் திட்டத்திலேயே அரக்கோணம், சித்தூர், பங்காருப்பேட்டை என்று போட்டிருந்தார்கள். அப்படியே வந்தாலும் உங்கள் மாந்தோப்பை எடுத்துக்கொண்டு நிற்காமல் போகும். வேகம் வேண்டுமென்றால் அது அதிக இடத்தில் நிற்கக்கூடாது. போராடுவதாக இருந்தால் ஜோலார்பேட்டை–கிருஷ்ணகிரி–ஓசூருக்குப் போராடுங்கள், வருகிறேன். காலையில் ஐந்து மணிக்குத் தர்மபுரியில் புறப்பட்டு எட்டுக்குள் பெங்களூரில் விடும் பாசஞ்சர் வண்டிக்குப் போராடுங்கள், அதற்கும் வருகிறேன். முட்டிவலி இருக்கிறது, உட்கார நாற்காலி போட்டால் போதும்.

அடுத்த ஞாயிறு நீங்கள் ஊரிலிருந்து திரும்பும்போது ஏசி பஸ்ஸை விட்டுவிட்டு தர்மபுரி வந்து ஏறுங்கள். சுற்றுதான், தெரியும். எட்டரைக்கு நான் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் இருப்பேன். நோட்டு ஒன்று கொண்டுவாருங்கள், ஒரு மணி நேரத்தில் எத்தனை தலை ஏறுகிறது என்று இரண்டு பேருமாக எண்ணலாம்.

அப்புறம் ஒரு உதவி. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி சின்ன ரயிலைப் பார்த்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் பேச்சைப் பதிவு செய்து அனுப்புங்கள். அதையும் இப்படித்தான் சுருட்டிக்கொண்டு போனார்களா என்று தெரியவேண்டும்.