அம்மாவின் மருத்துவச் செலவை வருமான வரியில் கழிக்க என்னென்ன தாள்கள் வேண்டும்?

கேட்டவர் கோலாலம்பூரில் வேலை செய்கிறார். அம்மா சுங்கை சிப்புட்டில். நானும் இதே ஊர்தான், தோட்ட ஆபீசில் கணக்கு வேலை. ஏப்ரல் வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் முதலாளி தரும் வருடச் சம்பளக் கணக்கான இஏ பாரத்தோடு வந்து நிற்பார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் டாக்டர் கடிதம். ரசீதை எப்படியோ சேர்த்துவிடுகிறார்கள், இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்குச் சிகிச்சையோ பராமரிப்போ தேவை என்று மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவுபெற்ற டாக்டர் எழுதித் தர வேண்டும். அடுத்த அப்பாயின்மென்டிலேயே கேட்டு வாங்குங்கள். டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போனால் அலைச்சல்தான்.

பெற்றோருக்கு வருடத்துக்கு 8,000 ரிங்கிட் வரை கழிக்கலாம். முழு உடல் பரிசோதனைக்கு அதற்குள்ளேயே 1,000. இந்தத் தொகை வரியில் அப்படியே குறையாது, வரிக்குரிய வருமானத்தில்தான் குறையும். உங்கள் வருமானம் 11 விழுக்காட்டு வரி விகிதப் படியில் இருந்தால் 3,000 ரிங்கிட் செலவுக்கு 330 ரிங்கிட் மிச்சம்.

அரசு மருத்துவமனையின் 1 ரிங்கிட், 5 ரிங்கிட் ரசீதுகளுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பணம் கரைவது தனியார் டயாலிசிஸ், ஸ்கேன், வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆள் சம்பளம் இவற்றில்தான். அந்த ஆள் நீங்களாகவோ உங்கள் மனைவி, பிள்ளைகளாகவோ இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டால், மாதாமாதம் தேதி, தொகை, அவர் ஐசி (அடையாள அட்டை) எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழகியவரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள்.

சென்னைக்கோ மதுரைக்கோ கூட்டிப்போய்ப் பார்த்த செலவு சேராது, சிகிச்சை மலேசியாவில் நடந்திருக்க வேண்டும். சொக்சோவோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இன்சூரன்ஸோ கட்டிய பங்கும் உங்கள் செலவில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ரசீதில் அம்மா பெயர், தேதி, கிளினிக் முத்திரை இருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். அந்த வழவழத் தாளில் அச்சு சில மாதங்களில் வெளிறிப்போகும். அன்றைக்கே போட்டோ எடுத்து, நகலும் எடுத்து, ரசீதையும் நகலையும் சேர்த்துக் குத்தி வையுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும்.

இ-ஃபைலிங்கில் எந்தத் தாளையும் இணைக்கச் சொல்ல மாட்டார்கள், தொகையை மட்டும்தான் நிரப்புவீர்கள். அதனால் பலர் தாளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். 7 வருடம் வைத்திருப்பது சட்டம், வரி வாரியம் கேட்டால் காட்டியாக வேண்டும்.

அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக் கட்டினால், அவரவர் கட்டிய தொகைக்குத் தனித்தனி ரசீது போடச் சொல்லுங்கள். ஒரே ரசீதை இரண்டு பேர் காட்ட முடியாது.