அறுபத்தெட்டு வாங்கிய பெண்

கேள்வி: எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு, கல்லூரியில் சேரும் ஒருவருக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தருகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 91 சதவீதம் வாங்கிய என் மகனுக்குக் கிடைக்கவில்லை. 68 வாங்கிய தாராவிப் பெண்ணுக்கு ‘விடாமுயற்சி, தலைமைப் பண்பு, சமூகத் தொண்டு’ என்று ஏதோ காரணம் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். படிப்புக்குத் தரும் பணத்தில் தொண்டுக்கு என்ன வேலை?
— பெயர் வேண்டாம் என்ற வாசகர், சயான் கோலிவாடா

பதில்: 91 பெரிய விஷயம். மகனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். ஆனால் ‘ஏதோ காரணம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. போன ஞாயிறு மாலை 90 அடி சாலைப் பக்கம் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பத்துக்குப் பத்துகூட இல்லாத மாடி அறை. பாயில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் போன், பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் யார் யாருடைய ரேஷன் கார்டோ, வருமானச் சான்றோ. எதிரே தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர். மகளின் உதவித்தொகை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்து. மார்க் ஷீட்டில் அந்த எஸ் அப்பா பெயராக விரிந்திருக்கிறது. வங்கிக் கணக்கில் இரண்டுமே இல்லை. மகாராஷ்டிரப் படிவமோ பெயர், அப்பா பெயர், ‘ஆட்நாவ்’ என்கிற குடும்பப் பெயர் என்று மூன்று கேட்கும். நமக்கு ஏது ஆட்நாவ்? “மாமா, முதல்ல ஆதாரை மாத்துங்க. அப்புறம் பேங்க். மார்க் ஷீட்டைத் தொடவே வேண்டாம்” என்கிறாள். அவர் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

இதையெல்லாம் அவள் கற்றது, தன் விண்ணப்பமே இரண்டு வருடம் திரும்பித் திரும்பி வந்ததில். இங்கே பட்டியல் சாதிச் சலுகை வேண்டுமென்றால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்குத் தாள் காட்ட வேண்டும். அவள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தது அதற்குப் பிறகு. எத்தனை தாராவி வீடுகளில் படிப்பு இந்தத் தேதியில் இடறி விழுந்திருக்கிறது! அந்த இரண்டு வருடமும் விடிகாலையில் தண்ணீர் பிடித்து, அம்மா அவித்த இட்லியை விற்க எடுத்துப் போகிறவர்களிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் ஜூனியர் காலேஜுக்கு, அதாவது பதினொன்றும் பன்னிரண்டும் படிக்க, ஓடியிருக்கிறாள். அந்த 68-க்குள் இதுவும் இருக்கிறது, ஐயா.

தலைமைப் பண்பு என்றார்களே, அதையும் கேளுங்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதக்கூடிய என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அப்படி ஒன்று இருப்பதே அந்தச் சந்துகளில் பல வீடுகளுக்குத் தெரியாது. வீடு வீடாகப் போய்ச் சொல்லி எழுத வைத்தவள் இவள். தேர்வானவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

மதிப்பெண் மட்டும்தான் கணக்கு என்றால், பரேலில் ஒற்றை அறையில் இருந்து படித்த அம்பேத்கரை எங்கே வைப்பீர்கள்? 1907-ல் மெட்ரிகுலேஷனில் அவர் வாங்கியது 750-க்கு 282. அவரைத்தான் பரோடா மன்னர் சாயாஜிராவ் பணம் கொடுத்துப் படிக்க வைத்தார். 1913-ல் அவர் கொலம்பியாவுக்குக் கப்பலேறியதும் பரோடா உதவித்தொகையில்தான்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். சமூகத் தொண்டை எப்படி அளக்கப் போகிறோம் என்பதை அமைப்பு அறிவிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. விழாவில் அவளை மைக் முன்னால் நிறுத்தி வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னதும் தப்பு. நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாளாம். நல்லது செய்தாள்.

சரி, உங்கள் மகனுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே மத்திய அரசு தரும் கல்லூரி உதவித்தொகை இருக்கிறது. அவரவர் போர்டில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்தைத் தாண்டாமல் இருந்தால் விண்ணப்பிக்கலாம். இளநிலைப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பாருங்கள். இனிஷியல் தகராறு வந்தால் ஞாயிறு மாலை மகனைத் தாராவிக்கு அனுப்புங்கள். அவளிடம் கேட்டுவிட்டேன், வரச் சொல்லிவிட்டாள்.