இமாஜின்: கற்பனை மட்டும்தானா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊருக்குப் பக்கத்துப் பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் நடத்தியவள் நான். ‘இமாஜின்’ என்ற ஒரே சொல்லைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். கேட்டவர்களும் என் பதில்களும் இதோ.

தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டும் தம்பி: டீச்சர், ஒரு வெளிநாட்டு அம்மாவுக்கு இடிந்த தேவாலயத்தைக் காட்டி, 1964 புயலில் ரயிலை ஆட்களோடு கடல் கொண்டுபோனதைச் சொன்னேன். "ஐ கான்ட் இமாஜின்" என்றார். நான் கதை விடுகிறேன் என்று நினைத்துவிட்டாரா?

இல்லை தம்பி, நம்பியதால்தான் அப்படிச் சொன்னார். இழவு வீட்டில் "நெனச்சுக்கூடப் பாக்க முடியலயே தாயி" என்போமே, அதேதான். டிசம்பர் 22 இரவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கள் அம்மா பாதியில் நிறுத்திவிடுவார். அப்படிப்பட்ட வேதனை என் நினைப்புக்கு எட்டாது என்று ஒத்துக்கொள்வது ஒரு மரியாதை. நீங்கள் மனதுக்குள் ‘கற்பனை செய்ய முடியவில்லை’ என்று மாற்றிக்கொண்டீர்கள், அதனால்தான் சுருக்கென்றது. நம் பேச்சில் கற்பனை என்றால் பாதி நேரம் ‘இட்டுக்கட்டியது’ என்றுதானே பொருள்? அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் ஒரு நிமிடம் அவர் பக்கத்தில் மௌனமாக நில்லுங்கள்.

நண்டு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு எழுதுபவர்: "ஐ இமாஜின் தி ஷிப்மென்ட் இஸ் டிலேய்ட்" என்று மெயில் வந்தது. நாங்கள் கற்பனையாகக் காரணம் சொல்கிறோம் என்கிறாரா?

குற்றமே இல்லை. "சரக்கு தாமதமாகியிருக்கும்" என்கிறார், அவ்வளவுதான். "இந்நேரம் வல்லம் கரைக்கு வந்திருக்கும்" என்று நாம் சொல்லும்போது கண்ணால் பார்த்தா சொல்கிறோம்? காற்றையும் நேரத்தையும் வைத்து ஊகிக்கிறோம். அந்த ‘இருக்கும்’தான் ஆங்கிலத்தில் ‘ஐ இமாஜின்’. இந்தப் பொருளில் வரும்போது ‘ஐ ஆம் இமாஜினிங்’ என்று எழுதிவிடாதீர்கள்.

தங்கச்சிமடம், பிளஸ் டூ மாணவி: ‘ஐ கான்ட் இமாஜின் டு லிவ் வித்அவுட் தி ஸீ’ என்று எழுதினேன் மிஸ். மார்க் போய்விட்டது.

‘இமாஜின் லிவிங்’ என்று எழுதியிருக்க வேண்டும் கண்ணு. இமாஜினுக்குப் பின்னால் ‘டு’ போட்டு வினையைச் சேர்க்கக் கூடாது, ‘இங்’ வடிவம்தான் வரும். மனப்பாடம் வேண்டாம், தமிழை வைத்தே பிடித்துக்கொள். "கடலோரம் வாழ நினைக்கிறேன்" என்றால் அது உன் எண்ணம், திட்டம். "கடலோரம் வாழ்வதை நினைத்துப் பார்க்கிறேன்" என்றால் மனக்கண்ணில் ஓடும் படம். ‘வாழ்வதை’ என்பது பெயர்ச்சொல்லாகி நிற்கிறது, பார்த்தாயா? ‘லிவிங்’கும் அப்படித்தான். இன்னொருவர் வாழ்வதை என்றால் ‘இமாஜின் ஹிம் லிவிங்’. இதை நான் வகுப்பில் கண்டுபிடித்துச் சொன்ன நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

ராமேஸ்வரம், ஒன்பதாம் வகுப்பு: கலாம் ஐயா கனவு காணச் சொன்னாரே, அது இமாஜினா?

அது ‘ட்ரீம்’. அதில் ஆசை இருக்கிறது. இமாஜினில் ஆசை இருக்க வேண்டியதில்லை, வேண்டாததையும் இமாஜின் செய்யலாம். லத்தீனில் ‘இமாகோ’ என்றால் உருவம். ‘இமாஜின்’, ‘இமேஜ்’ இரண்டும் பிறந்தது அங்கிருந்துதான்.

கீழக்கரை, ஒரு தாய்: மகளின் ரிப்போர்ட்டில் ‘இமாஜினேடிவ்’ என்று இருக்கிறது. பொய் சொல்கிறாளா?

பாராட்டு அது, உம்மா! கற்பனை வளம் உள்ளவள் என்று பொருள். நிஜத்தில் இல்லாத ஒன்றைக் குறிக்கும் சொல்தான் ‘இமாஜினரி’.

பாம்பன், நாட்டுப்படகுக்காரர் வீட்டம்மா: அவர் கடலுக்குப் போன ராத்திரி எஞ்சின் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. காலேஜ் படிக்கும் மகன் "யூ ஆர் இமாஜினிங் திங்ஸ்" என்றான். என்ன சொன்னான் டீச்சர்?

"உனக்குப் பிரமை" என்றான் அக்கா. இங்கே ‘இங்’ போடலாம், இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் கண்முழித்துக் காத்திருக்கும் தாயிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது? "வாடைக்காத்தா இருக்கும்மா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.