செப்புத் தகட்டில் பஞ்சைப் பராரிகள்: கேள்வி பதில்

ஓவிய மாணவர்: பழைய ஐரோப்பிய அச்சோவியங்களில் (தகட்டில் கோடு செதுக்கி, மையிட்டுத் தாளில் அச்சிடும் படங்களில்) ஏழைகள் இடம்பெற்றது இரக்கத்தினாலா?

எல்லாவற்றுக்கும் அப்படிச் சொல்வதற்கில்லை. ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்து, பீட்டர் வான் டெர் ஹெய்டன் செப்பில் செதுக்கி, 1563இல் ஆண்ட்வெர்ப்பில் ஹிரோனிமஸ் கோக் வெளியிட்ட ‘மெலிந்த சமையலறை’யில், எலும்பும் தோலுமானவர்கள் ஒரே தட்டிலுள்ள சிப்பிகளுக்குக் கைநீட்ட, தெரியாமல் நுழைந்துவிட்ட தொப்பைக்காரர் வாசலை நோக்கி ஓடுகிறார். இணைப்படமான ‘கொழுத்த சமையலறை’யிலிருந்தோ மெலிந்த பைக்குழல்காரன் விரட்டப்படுகிறான். இரண்டும் நகைப்புக்கானவைதாம், ஆனால் வந்தவரைப் பிடித்து இருத்தப் பார்ப்பவர்கள் ஏழைகளே என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

ஓர் ஆசிரியை: பிரெஞ்சு அச்சோவியர் ஜாக் கலோவின் பிச்சைக்காரர் படங்களில் கந்தல் துணிகூட எப்படி அவ்வளவு உயிரோடு இருக்கிறது?

அது கருவியின் கைவண்ணம். செப்புத் தகட்டின்மேல் பூசிய மெழுகுப் பூச்சை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்க விடுவதே வழக்கமான முறை. கலோ அதற்குப் பதிலாக, லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்வோர் பயன்படுத்திய கடின வார்னிஷைப் பூசி, சாய்வாக வெட்டிய முனையுள்ள கருவியால் கீறியதால், ஒரே கோடு மெலிந்து தொடங்கிப் பருத்து மீண்டும் மெலிந்தது. தொங்கும் கிழிசலுக்கு வேண்டியதும் அதுவே. 1622ஐ ஒட்டி நான்சி நகரில் உருவான அந்த 25 படங்களில் பெரும்பாலும் பின்னணியே கிடையாது.

ஒரு வாசகர்: வறுமையின் காரணத்தைக் கலோ காட்டவில்லையா?

1633இல் காட்டினார். போரின் கொடுமைகளைச் சொல்லும் 18 படங்களில் படைவீரர்கள் பண்ணை வீட்டைச் சூறையாடுகிறார்கள். பின்னொரு படத்தில் உழவர்கள் அவ்வீரர்களைப் பழிதீர்க்கிறார்கள்.

மற்றொருவர்: டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இவர்களிடமிருந்து எவ்வகையில் வேறுபடுகிறார்?

தொடக்கத்தில் அவரும் கலோவின் வழியில் தனித்தனிப் பிச்சைக்காரர்களையே வரைந்தார். ஆனால் 1630இல், லைடனில் வாழ்ந்த இளைஞராக, மேட்டில் கந்தலுடன் அமர்ந்து கைநீட்டும் பிச்சைக்காரனுக்குத் தம் முகத்தையே கொடுத்தார். 1648இல் அவர் வரைந்த வீட்டுவாசல் காட்சியைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன். முதுகில் குழந்தையைச் சுமந்த பெண்ணின் கையில், பாதிக் கதவுக்கு மேலாகக் குனிந்த முதியவர் காசு வைக்கிறார். கொடுப்பவர் முகத்தில் பெருமிதமோ, வாங்குபவளிடம் கெஞ்சலோ தென்படாது. படத்தின் பார்வையெல்லாம் அந்த இரு கைகளும் தொடும் இடத்திலேயே நிற்கிறது.