எதிர்மறை என்றால் கெட்டதா?

கேள்வி: காலையில் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால், அடுத்த இரண்டு மணி நேரத்தில் நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. நான் குடித்தது சிறுநீரகத்துக்கு எப்படித் தெரிகிறது? மகளின் பாடப்புத்தகம் இதை ‘எதிர்மறைப் பின்னூட்டம்’ என்கிறது. நல்லதுதானே நடக்கிறது, இதில் எதிர்மறை எங்கே வந்தது?
– ஒரு வாசகி

பதில்: சிறுநீரகத்துக்கு ஒன்றும் தெரியாது; தெரிவது மூளைக்கு.

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் இதை எங்கள் உடம்பிலேயே செய்து பார்த்தோம். பாதிப் பேருக்கு ஒரு லிட்டர் வெறும் தண்ணீர். மீதிப் பேருக்கு அதே ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. அரை மணிக்கொரு முறை சிறுநீரைப் பிடித்து அளக்க வேண்டும். நான் உப்புக் கோஷ்டி. குமட்டக் குமட்டக் குடித்து முடித்தேன். தண்ணீர்க் கோஷ்டி கழிப்பறைக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருக்க, என் குடுவையில் அடி நனைந்ததோடு சரி.

காரணம், மூளை முக்கியமாகப் பார்ப்பது ரத்தத்தின் அடர்த்தியை. அந்த உப்புக் கரைசலின் அடர்த்தி ஏறக்குறைய ரத்தத்துடையதுதான். அதனால் என் ரத்தம் நீர்த்துப் போகவில்லை. வெறும் தண்ணீர் நீர்க்க வைக்கும். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸில் உள்ள செல்கள் 1 சதவீத மாற்றத்தையே பிடித்துவிடும். உடனே, தண்ணீரை விடாதே என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் வாசோபிரஸின் ஹார்மோன் குறையும்.

இனி நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் கடைசியாகக் கடக்கும் நாளத்தைச் சுற்றி உப்பு அதிகம். வழி கிடைத்தால் தண்ணீர் தானாகவே அந்தப் பக்கம் போய் உடம்புக்குத் திரும்பிவிடும். வழி என்பது செல் சவ்வில் பதிந்திருக்கும் அக்வாபோரின் என்ற புரதத் துளை. (இவற்றைக் கண்டறிந்ததற்காக பீட்டர் அக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது.) வாசோபிரஸின் இருக்கும்வரை துளைகள் சவ்வில் நிற்கும். அது குறைந்ததும், செல் சவ்வைக் கிள்ளிக் குமிழாக்கி, துளைகளை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். திரும்ப வழியில்லாத தண்ணீர் நேரே சிறுநீர்ப்பைக்கு. துளைகளை ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்வதில்லை, இருப்பதை இடம் மாற்றுவதுதான். அதனால்தான் இத்தனை வேகம்.

ரத்தம் நீர்த்தது, உடம்பு அதற்கு எதிராக வேலை செய்தது, ‘எதிர்மறை’ அவ்வளவுதான். ‘எதிர்ப் பின்னூட்டம்’ என்று போட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. மாற்றத்தை அதே திசையில் மேலும் தள்ளினால் அது நேர்மறை. பிரசவ வலி அந்த வகை. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது!

அப்புறம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் கோஷ்டியில் சேர்ந்து பார்க்க வேண்டாம்.